கடிதம் வந்த பிறகு என்ன நடக்கிறது? பிரித்தானியாவில் நம் பெண்களை மார்பகப் பரிசோதனைக்குக் கொண்டு சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹாரோவில் ஒரு வீட்டின் சமையலறை. 58 வயதான ஓர் அம்மா, பழைய பிஸ்கட் டின் ஒன்றை மேசைமேல் கவிழ்த்தார். மாநகர வரிக் கடிதம், மின்சாரக் கட்டணம், பேரனின் தடுப்பூசி அட்டை, கோயில் அர்ச்சனைச் சீட்டு. அவற்றுக்கிடையே மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான மூன்று அழைப்புகள் இருந்தன. ஒன்று பிரித்து மடிக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் ஒட்டியபடியே கிடந்தன.

"கடிதங்களை மகன்தான் வாசித்துச் சொல்வான். முதல் கடிதத்தைப் பிரித்தான், பார்த்தான், ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டான். என்ன தம்பி என்று கேட்டேன். உங்களுக்குத்தான் அம்மா, பிறகு பார்க்கலாம் என்றான். அதற்குப் பிறகு அதே முத்திரையோடு வந்தவற்றை அவனிடம் நான் கொடுக்கவே இல்லை."

சுகாதாரத் துறையின் கணக்கில் இவர் மூன்று முறை அழைத்தும் வராதவர். கூட்டங்களில் இவரைப் போன்றவர்களைப் பற்றி "அவர்களுடைய பண்பாடு அப்படி", "விழிப்புணர்வு போதாது" என்று பேசுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அம்மா மறுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அழைப்பு வீட்டு வாசல் வரை வந்தது, அவரிடம் போய்ச் சேரவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கண்ணோட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கடிதம் அச்சாகும் இடத்திலிருந்து எக்ஸ்ரே இயந்திரம் வரைக்கும் உள்ள பாதையில் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் தைக்க வேண்டும். தமிழ்ப் பள்ளி நடத்துபவர்கள், கோயில் சபையினர், மருந்தகத்தில் வேலை செய்பவர்கள், அம்மாவுக்காகக் கவலைப்படும் பிள்ளைகள் ஆகியோருக்காக எழுதுகிறேன். நடைமுறை விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. லண்டனைத்தான் அதிகம் குறிப்பிடுகிறேன், ஏனெனில் இங்கிலாந்தின் பிராந்தியங்களில் மார்பகப் பரிசோதனைக்கு வருபவர்களின் விகிதம் லண்டனில்தான் மிகக் குறைவு.

படி 1: திட்டத்தை நீங்கள் முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசப் போனால், முதல் கேள்வியிலேயே நம்பிக்கை போய்விடும்.

என்.எச்.எஸ். என்னும் அரசு சுகாதாரச் சேவையின் மார்பகப் பரிசோதனைத் திட்டம் 1988இல் தொடங்கியது. 50 வயது முதல் 71ஆவது பிறந்தநாள் வரையுள்ள பெண்களுக்கு 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை அழைப்பு வரும். கட்டணம் இல்லை. அறிகுறி எதுவும் இல்லாத பெண்களுக்கான பரிசோதனை இது. கையில் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வளரும் முன்பே அதைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

பலர் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. 50 வயது நிறைந்த அன்றே கடிதம் வராது. அழைப்புகள் குடும்ப மருத்துவ நிலையம் வாரியாகச் சுழற்சியில் அனுப்பப்படுகின்றன. உங்கள் நிலையத்தின் முறை வரும்போதுதான் உங்களுக்கும் வரும். ஆகவே முதல் கடிதம் 50க்கும் 53ஆவது பிறந்தநாளுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 53 ஆகியும் வரவில்லை என்றால் உங்கள் பகுதியின் பரிசோதனை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். 71க்கு மேல் கடிதம் தானாக வராது, ஆனால் உரிமை முடிந்துவிடுவதில்லை. நாமே அழைத்துக் கேட்டால் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதனை செய்வார்கள். நம் பாட்டிமார்களில் இதைத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு.

அழைக்கப்படுபவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினர் வர வேண்டும் என்பது திட்டம் தனக்கே வைத்திருக்கும் அளவுகோல். 80 விழுக்காடு எட்டக்கூடிய இலக்கு. வருடாந்தப் புள்ளிவிவரங்கள் வயது வாரியாகவும் பகுதி வாரியாகவும் வெளிவருகின்றன. இன வாரியாகப் பார்க்கப் போனால் தமிழர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. படிவங்களில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் ஆகியோருக்குத் தனிக் கட்டங்கள் இருக்கின்றன. இலங்கைத் தமிழர் பெரும்பாலும் "பிற ஆசியர்" என்ற கட்டத்துக்குள் போய் மறைந்துவிடுகிறார்கள். 2011 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அத்தனை பேர் இருந்தும், நம் பெண்களில் எத்தனை பேர் பரிசோதனைக்குப் போகிறார்கள் என்பதை அந்தப் பொது அறிக்கைகளிலிருந்து எடுக்க முடியாது. அதனால்தான் நாமே கணக்கு வைக்க வேண்டும் என்று கடைசிப் படியில் வற்புறுத்துகிறேன்.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் 2012, 2013ஆம் ஆண்டுப் பதிவுகளை வைத்து 2016இல் வெளியிடப்பட்ட விவரத்தின்படி, மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட வெள்ளையினப் பெண்களில் 13 விழுக்காட்டினருக்குத்தான் அது முற்றிய நிலையில் தெரியவந்தது. கரீபியக் கறுப்பினப் பெண்களில் அது 22 விழுக்காடு, ஆப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களில் 25 விழுக்காடு. முதல் நிலையிலேயே கண்டுபிடித்தால் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். நான்காம் நிலையில் அது நால்வரில் ஒருவர் என்ற அளவுக்குச் சரிகிறது.

படி 2: பதிவேட்டில் பெயரும் முகவரியும் சரியா என்று பாருங்கள்

இது சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்து பயனில்லை.

அழைப்புக் கடிதம் ஜி.பி. என்று நாம் சொல்லும் குடும்ப மருத்துவரின் பதிவேட்டிலிருந்துதான் புறப்படுகிறது. ஜி.பி.யிடம் பதியாதவருக்குக் கடிதமே இல்லை. பதிந்த பிறகு வீடு மாறி, புதிய முகவரியைச் சொல்லாதவரின் கடிதம் பழைய வாடகை வீட்டுக் கதவுக்குள் விழும். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை, பிறகு மிச்சம் என்ற பகுதியில் ஒரு வீடு, பிறகு மகளோடு லெஸ்டரில் என்று நகர்ந்துகொண்டே இருக்கும் வாழ்க்கையில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பெயரையும் பாருங்கள். தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது, திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் அந்த இடத்துக்கு வருகிறது, ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்படுகிறது. கடவுச்சீட்டில் உள்ளபடியே மருத்துவப் பதிவிலும் இருக்கட்டும். பிறந்த தேதி தவறாக இருந்தால் அழைப்பே வேறு ஆண்டுக்குப் போய்விடும்.

விசா பிரச்சினை உள்ள பெண்கள் ஜி.பி.யிடம் பதியவே அஞ்சுகிறார்கள். இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிய முகவரிச் சான்றோ குடியுரிமைச் சான்றோ கட்டாயம் இல்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர் கேட்டாலும், இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. அகதித் தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர்களிடம் மருத்துவமனைச் சிகிச்சைக்கும் கட்டணம் வாங்குவதில்லை. இதை ஒரு முறை சொன்னால் போதாது. கூட யாராவது போய் மேசை முன் நிற்க வேண்டும்.

படி 3: "ஏன் போகவில்லை" என்று கேட்காதீர்கள், "கடிதம் வந்தபோது என்ன நடந்தது" என்று கேளுங்கள்

"ஏன் போகவில்லை" என்றால் அது குற்றச்சாட்டு. "நேரமில்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "கடிதம் வந்ததா அக்கா? யார் பிரித்தார்கள்?" என்று தொடங்கினால் கதை வரும். அந்தக் கதையில்தான் எந்த இடத்தில் அறுந்தது என்பது தெரியும்.

என்னிடம் வந்த கதைகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு, போகாத நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. காலை பத்து மணி சந்திப்பு என்றால் அரை நாள் கூலி போய்விடும். இன்னொருவருக்குச் சின்ன மகளின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஏதாவது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம். புற்றுநோய் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் "அந்த வருத்தம்" என்று மட்டும் சொல்லும் வீடுகள் எத்தனையோ. "எனக்கு ஒன்றும் இல்லையே, பிறகு ஏன் போக வேண்டும்?" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அது அறியாமை இல்லை. ஊரில் நோய் வந்தால்தான் ஆஸ்பத்திரி. நோய் இல்லாத உடம்பைக் கொண்டுபோய்க் காட்டும் பழக்கம் நாம் வளர்ந்த இடத்தில் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளிலும் தடுப்புக் காவலிலும் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பது நமக்குத் தெரியும். மூடிய சிறிய அறை, சீருடை அணிந்த அந்நியர், மேலாடையைக் கழற்றச் சொல்லும் குரல் என்ற மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிலருக்கு அந்த நாட்கள் திரும்பி வந்துவிடும். ஒரு பெண் காரணம் சொல்லாமல் தொடர்ந்து மறுத்தால் தோண்டாதீர்கள். "உள்ளே எந்த நிமிடத்திலும் நிறுத்தச் சொல்லலாம், முன்கூட்டியே சொன்னால் கூடுதல் நேரம் தருவார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டே செய்யச் சொல்லலாம்" என்று மட்டும் சொல்லி விடுங்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும், உள்ளே வருவதும் வராததும் அவர் விருப்பம்.

படி 4: யார் பேசுவது, எப்போது பேசுவது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வடக்கு இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பாகிஸ்தானிய, வங்கதேசப் பெண்களின் வீடுகளுக்கே அவர்கள் மொழி பேசும் பணியாளர்கள் போய்ப் பரிசோதனையைப் பற்றி விளக்கினார்கள். 1994இல் முடிவுகள் வெளிவந்தபோது, போன வீடுகளுக்கும் போகாத வீடுகளுக்கும் வருகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நம் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாமில் வேறொன்று செய்து பார்த்தார்கள். அழைப்பு போயும் வராத பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஜி.பி. நிலைய வரவேற்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே தொடர்புகொள்ள வைத்தார்கள். 1997இல் வெளியான முடிவில், தொடர்புகொள்ளாத குழுவில் 4 விழுக்காட்டினரும் தொடர்புகொண்ட குழுவில் 9 விழுக்காட்டினரும் வந்திருந்தார்கள். இந்தியப் பெண்களிடையே அது தொடர்புகொள்ளாத குழுவில் 5 விழுக்காடு, தொடர்புகொண்ட குழுவில் 19 விழுக்காடு.

ஹில்லிங்டனில் இன்னும் எளிய ஒன்று நடந்தது. சந்திப்புக்கு முன் கைபேசிக்கு ஒரு நினைவூட்டல் செய்தி அனுப்பினார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் வருகை ஏறத்தாழ 59 விழுக்காட்டிலிருந்து 64க்கு உயர்ந்தது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பொதுவாக எல்லோருக்கும் பேசுவதைவிட, வராமல் விடுபட்ட ஒருவரைப் பெயர் சொல்லித் தேடுவது பலன் தரும். அதுவும் மருத்துவ நிலையத்தின் பெயரால் வரும் குரலுக்கு மதிப்பு அதிகம். ஆகவே உங்கள் முதல் வேலை கூட்டம் போடுவது அல்ல. உங்கள் பகுதி ஜி.பி. நிலையத்தின் மேலாளரைச் சந்தித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். அடுத்த சுழற்சி இந்த நிலையத்துக்கு எப்போது வருகிறது? வராதவர்களின் பட்டியலை உங்கள் பணியாளர் யாராவது தொலைபேசியில் தொடர்புகொள்கிறார்களா? தமிழ் பேசும் வரவேற்பாளரோ தாதியோ மருந்தாளரோ இருந்தால் அந்த அழைப்பை அவரே எடுப்பாரா? பட்டியலை உங்கள் கையில் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அது நோயாளியின் அந்தரங்கம், தர மாட்டார்கள், தரவும் கூடாது. நிலையத்தின் பணியாளர் நிலையத்தின் தொலைபேசியிலிருந்தே பேச வேண்டும்.

அந்த அழைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"வணக்கம் அம்மா, ஜி.பி. நிலையத்திலிருந்து பேசுகிறேன். ஒன்றும் பயப்பட வேண்டாம், உங்களுக்கு வருத்தம் என்று சொல்ல அழைக்கவில்லை. உங்கள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் போகும் கடிதம் ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். அதைப் பற்றிப் பேச இப்போது தனியாக இருக்கிறீர்களா, பிறகு எடுக்கட்டுமா?"

கடைசிக் கேள்வி மிக முக்கியம். பேருந்தில், கணவருக்குப் பக்கத்தில், மகன் காரோட்டும்போது இந்தப் பேச்சு நடக்காது.

சமூகத்துக்குள் பேச எந்த இடம் நல்லது? ஈலிங் தேர்த் திருவிழாவைப் போல ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் மேசை போடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நானும் திருவிழாக்களில் நின்றிருக்கிறேன். துண்டறிக்கை வாங்குவார்கள், அதில் பிரசாதத்தை மடித்துக்கொண்டு போவார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நடைபாதையில் பேரப்பிள்ளைகளுக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கும் அம்மம்மாக்கள் இருக்கிறார்களே, அவர்களோடு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவது பத்து மேசைக்குச் சமம். அடுத்த வாரமும் அவர்கள் அங்கே இருப்பார்கள், நீங்களும் இருப்பீர்கள்.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். கிழக்கு லண்டனில் சில்ஹெட்டி பேசும் வங்கதேசப் பெண்களுக்கு இதே பிரச்சினை இன்னும் கடுமையாக இருக்கிறது. அவர்கள் பேசும் மொழி பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, வங்காளத்தில் அச்சிட்ட துண்டறிக்கையைப் பலரால் வாசிக்க முடியாது. நம்மிடையேயும் மருத்துவத் தமிழ் வாசிக்கத் தடுமாறுபவர்கள் பலர். பரிசோதனைக்குப் போய்வந்த ஒரு பெண், தன் குரலில், ஒரு நிமிடத்துக்கு மிகாமல் பதிவு செய்த வாட்ஸ்அப் ஒலிச்செய்தி பளபளப்பான தாளைவிடத் தூரம் போகும். அவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: தீமையையும் மறைக்காமல் சொல்லுங்கள்

"போனால் உயிர் பிழைக்கலாம்" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போவது சரியல்ல. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்கும் சில, அவரை வாழ்நாளில் ஒருபோதும் தொந்தரவு செய்திருக்காதவையாக இருக்கும். எது தொந்தரவு செய்யும், எது செய்யாது என்று முன்கூட்டிப் பிரிக்க முடியாததால் எல்லாவற்றுக்கும் சிகிச்சை கொடுக்கப்படுகிறது.

பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையிலான சுயாதீனக் குழு 2012இல் இதை ஆராய்ந்தது. பரிசோதனைத் திட்டம் பிரித்தானியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மரணங்களைத் தடுக்கிறது, அதே வேளை ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 பெண்கள் தேவைப்பட்டிருக்காத சிகிச்சையைப் பெறுகிறார்கள் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. ஓர் உயிர் காக்கப்படும்போது மூவர் அப்படிச் சிகிச்சைக்கு உள்ளாகிறார்கள். திட்டம் தொடர வேண்டும், ஆனால் பெண்களுக்கு இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதே குழுவின் முடிவு.

இதைச் சொன்னால் வர மாட்டார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. இரண்டு பக்கமும் சொல்லும் ஆளைத்தான் நம் அம்மாக்கள் நம்புகிறார்கள். கேட்டுவிட்டு, யோசித்து, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் பெண்ணின் முடிவையும் மதியுங்கள். நாம் சரிசெய்ய வந்தது, முடிவெடுக்கும் வாய்ப்பே கிடைக்காமல் போன நிலையைத்தான்.

படி 6: தொலைபேசியை எடுத்து நேரத்தை உறுதிசெய்யுங்கள்

கடிதம் இரண்டு விதமாக வரலாம். நாளும் நேரமும் இடமும் குறித்து வருவது ஒன்று. "எங்களை அழைத்து நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வருவது மற்றது. இரண்டாம் வகை ஆங்கிலம் பேசக் கூசும் பெண்களைத் தடுத்து நிறுத்திவிடும். அந்த அழைப்பின்போது பக்கத்தில் உட்காருவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. எடுத்தவுடன் "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்த மூன்று சொற்களையும் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கும் ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

அழைக்கும்போது கையில் கடிதம் இருக்கட்டும், அதில் உள்ள எண்களைக் கேட்பார்கள். வேலை நேரத்தைச் சொல்லி, மாலையிலோ சனிக்கிழமையிலோ இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடிதத்தில் குறித்த இடம் தூரமென்றால் வேறு இடம் கேட்கலாம். சில பகுதிகளில் பெரிய கடைகளின் வாகன நிறுத்துமிடத்தில் நடமாடும் பரிசோதனை வண்டி வந்து நிற்கும். படிகளில் ஏறச் சிரமம் உள்ளவர் என்றால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம். மகனையோ மருமகளையோ மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் முன் சொல்ல முடியாதவை இருக்கும், பதிலை மாற்றிச் சொல்லிவிடவும் கூடும். நம் சமூகம் சிறியது என்பதால், வரும் மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற அச்சமும் உண்டு. அப்படி அஞ்சுபவர் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். முகம் தெரியாது, ஊர் தெரியாது.

படி 7: அந்த நாள்

மேமோகிராம் எடுப்பவர் பெண்ணா என்பதுதான் எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்கும் முதல் கேள்வி. ஆம், இந்தத் திட்டத்தில் எடுப்பவர்கள் பெண்கள். இந்த ஒரு வரியைத் தெளிவாகச் சொன்னதுமே தோள்கள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று காலை குளித்தபின் அக்குளிலும் மார்பிலும் பவுடரோ வாசனைத் திரவியமோ போடக் கூடாது, படத்தில் புள்ளிகளாகத் தெரியும். சேலையைவிட, மேல் வேறு கீழ் வேறாக உள்ள உடை வசதி. இடுப்புக்கு மேல் மட்டும் கழற்றினால் போதும். சல்வார் அணிபவர்கள் துப்பட்டாவையோ சால்வையையோ கொண்டுபோனால், அறைக்குள் இருக்கும் நேரத்தில் போர்த்திக்கொள்ளலாம்.

தாலி. எந்தத் துண்டறிக்கையிலும் நான் பார்க்காத, ஆனால் நம் பெண்கள் பாதி வழியில் திரும்பக் காரணமாகும் விஷயம் இது. கழுத்தில் இருப்பவை படத்தின் மேல் விழக் கூடாது என்பதால் சங்கிலிகளைக் கழற்றச் சொல்வார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது தாலிக்கொடியைக் கழற்றுவதா என்று ஒரு அம்மா காத்திருப்பு அறையிலேயே எழுந்துவிட்டார். உள்ளே போய்க் கேட்டோம். கொடியை முதுகுப் பக்கம் திருப்பி விட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னார் படம் எடுத்த பெண். வேலை முடிந்தது. "இது எங்களுக்குத் திருமணத்தின் அடையாளம், கழற்றாமல் வழி இருக்கிறதா?" என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆடை மாற்றும் அறையில் நடுங்கிக்கொண்டு யோசிக்க வைக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு மார்பகத்தையும் இரண்டு தட்டுகளுக்கிடையே அழுத்தி, மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என மொத்தம் நான்கு படங்கள் எடுப்பார்கள். அழுத்தம் சில விநாடிகள்தான். சிலருக்கு அசௌகரியம், சிலருக்கு வலி. வலி தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். படம் எடுப்பது சில நிமிடங்கள், உடை மாற்றுவதெல்லாம் சேர்த்து அரை மணி நேரம். கதிர்வீச்சின் அளவு மிகக் குறைவு.

பிஸ்கட் டின் அம்மா போனது ஒரு வியாழக்கிழமை. நானும் கூடப் போனேன். வெளியே வந்தவர் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "இதற்கா ஒன்பது வருடம்!" என்றார். பிறகு பேருந்து நிறுத்தம் வரை ஒன்றும் பேசவில்லை.

படி 8: முடிவு வரும் வரை கூடவே இருங்கள்

பலர் படம் எடுத்ததோடு பணி முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பயம் இனித்தான் தொடங்கும். முடிவு பொதுவாக 2 வாரங்களுக்குள் கடிதமாக வரும், அதுவும் ஆங்கிலத்தில். ஆகவே படம் எடுத்த அன்றே, "அடுத்த கடிதத்தை யாரிடம் காட்டுவீர்கள்?" என்று கேட்டு ஒரு பெயரை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

100 பேரில் ஏறத்தாழ 4 பேரை மேலும் சோதிக்க அழைப்பார்கள். அந்த நால்வரில் மூவருக்குப் புற்றுநோய் இருக்காது. இதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், இரண்டாம் அழைப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து வீட்டுக்குள் அடைந்துவிடுவார்கள். மேலதிகச் சோதனை என்பது மருத்துவர் கையால் பார்ப்பது, இன்னும் சில படங்கள், அல்ட்ராசவுண்ட், சில வேளை ஊசியால் சிறிதளவு திசு எடுப்பது. இந்தச் சோதனை நிலையத்தில் ஆண் மருத்துவர்கள் இருக்கக்கூடும். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கலாம், கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். இந்த நாளில் துணைக்குப் போவது முதல் நாளைவிட அவசியம்.

படி 9: கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாதவர்கள்

மார்பகத்தில் கட்டி அல்லது தடிப்பு, தோலில் குழி விழுதல், சிவத்தல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து கசிவு, அக்குளில் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வயது 32 ஆனாலும் 75 ஆனாலும் உடனே ஜி.பி.யிடம் போக வேண்டும். போன மாதம் மேமோகிராம் நன்றாக வந்தது என்றாலும் போக வேண்டும். புற்றுநோய்ச் சந்தேகத்தோடு அவசரமாக அனுப்பப்படுபவருக்கு, இருக்கிறதா இல்லையா என்ற பதிலை 28 நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்தில் வைத்திருக்கும் இலக்கு.

தாய்க்கோ சகோதரிக்கோ 40 வயதுக்கு முன்பே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், 50க்குக் காத்திராமல் அதை ஜி.பி.யிடம் சொல்ல வேண்டும். ஊரில் இறந்த பெரியம்மாவுக்கு என்ன வருத்தம் என்று வீட்டில் மறைத்தே வைத்திருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 10: கணக்கு வையுங்கள்

உங்கள் தமிழ்ப் பள்ளி, சங்கம், கோயில் எதுவானாலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பெயர்கள் வேண்டாம். எத்தனை பேரோடு பேசினோம், அவர்களில் எத்தனை பேருக்குக் கடிதமே வந்திருக்கவில்லை, எத்தனை பேருக்கு மொழி, எத்தனை பேருக்கு வேலை நேரம், எத்தனை பேருக்குத் தாலி அல்லது உடை, எத்தனை பேர் போய்வந்தார்கள். ஆறு மாதத்தில் அந்த எண்களோடு உங்கள் பகுதிப் பரிசோதனை நிலையத்தின் பொறுப்பாளரைச் சந்தியுங்கள். "எங்கள் பெண்கள் வருவதில்லை" என்பதற்குப் பதில், "எங்களிடம் பேசிய 40 பேரில் 11 பேரின் முகவரி தவறு, 9 பேருக்கு மாலை நேரம் தேவை" என்று சொல்ல முடிந்தால் அங்கே பேச்சு வேறு விதமாகப் போகும். சந்திப்புப் பதிவில் தமிழ் மொழித் தேவையைக் குறிக்கிறார்களா, மாலை நேரச் சந்திப்புகள் எத்தனை, இன விவரத்தில் தமிழர் என்று தனியே எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள். ஜி.பி. படிவத்தில் இனத்தைக் கேட்கும் இடத்தில், "பிற ஆசியர்" என்ற கட்டத்தைக் குறித்துவிட்டு விடாமல் பக்கத்தில் "தமிழ்" என்று எழுதச் சொல்லி நம் பெண்களிடமும் கேளுங்கள்.

ஒருவர் போய்வந்த அன்றே, அவருடைய கைபேசி நாட்காட்டியில் இரண்டே முக்கால் ஆண்டு கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் வெள்ளை உறை வரத் தொடங்கும். அதன் முத்திரை எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போது தெரியும்.